படகுல போன டூரும் ஒரு கைநாட்டும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டூர் கதைதான். ஆனா கடைசியில உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் இருக்கு. அதனால முழுசா படிச்சிடுங்க.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்காவும் அத்தானும் ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருந்தாங்க. போன வருஷம் ஒருவழியா லீவு கிடைச்சது. "ரயில் வேணாம், ஆத்து வழியா போய்ப் பாரு"ன்னு அத்தான் டிக்கெட் போட்டார். மைன் ஆற்றங்கரையில் இருக்கும் வூர்ஸ்புர்க்கில் ஏறி, பாம்பெர்க் வழியா நியூரம்பர்க்கில் இறங்கணும்.

படகுன்னா துடுப்புப் படகு இல்லீங்க. 110 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம், உள்ளேயே ரூம், சாப்பாடு எல்லாம். வேகம் மட்டும் கேக்காதீங்க. கரையில சைக்கிள்ல போன ஒரு தாத்தா எங்களுக்கு டாட்டா காட்டிட்டு முந்திப் போனார்!

வூர்ஸ்புர்க்கில் மலை மேல கோட்டை, கீழ வரிசையா சிலைகள் நிக்கற பழைய கல் பாலம், சுத்திலும் திராட்சைத் தோட்டம். 1945 மார்ச் 16 இரவு நடந்த குண்டுவீச்சில் இந்த ஊர் கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. சுமார் 5,000 பேர் செத்தாங்க. இன்னைக்கு நாம பாக்கற பழைய ஊர்ல பெரும்பகுதி திரும்பக் கட்டினது.

எல்லாரும் கோட்டைக்குப் போனாங்க. நான் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பழைய கட்டடத்துக்குப் போனேன். 1895 நவம்பர் 8 அன்று வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்த ஆய்வகம் அங்கதான் இருக்கு. மனுஷன் அதுக்குக் காப்புரிமை வாங்கல. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். அந்தப் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துட்டார். உடைஞ்ச கை, நெஞ்சுல நீர், குழந்தை முழுங்கின ஒத்த ரூபா காசுன்னு தினமும் நான் எக்ஸ்ரே பாக்கறதெல்லாம் அந்தச் சின்ன ரூம்ல ஆரம்பிச்சது. உள்ள நின்னப்போ கோயிலுக்குள்ள நிக்கற மாதிரி இருந்துச்சு.

அடுத்து பாம்பெர்க். ஆத்துக்கு நடுவுலயே கட்டின பழைய நகர மன்றம் இங்க இருக்கு. இங்கிருந்து கப்பல் மைன்-டான்யூப் கால்வாய்க்குள்ள நுழையுது. நீளம் 171 கிலோமீட்டர். ரெண்டு ஆறுகளையும் இணைக்க சார்லமேன் மன்னர் கி.பி. 793-லேயே கால்வாய் வெட்டிப் பார்த்தாராம். பெரிய கப்பல் போற மாதிரி வேலை முடிஞ்சது 1992-ல்!

நடுவுல மேடு இருக்கே, கப்பல் எப்படி ஏறும்? அதுக்குத்தான் 16 நீர்ப்பூட்டுகள், தண்ணீருக்குப் படிக்கட்டு மாதிரி. கப்பல் ஒரு கான்கிரீட் தொட்டிக்குள்ள போகுது, பின்னாடி கதவு மூடுது. மேல்மட்டத் தண்ணி தானா இறங்கி தொட்டியை நிரப்புது, கப்பல் மெதுவா எழும்புது. தொட்டி அகலம் 12 மீட்டர்தான். பக்கத்துக்கு ஒரு அடி இடம்கூட இல்ல. ஒரு பூட்டுல மட்டும் 18 மீட்டர் உசந்தோம். ஆறு மாடி உயரம்!

கடைசியா நியூரம்பர்க். அங்க நான் தேடிப் போனது நீதிமன்றத்தை. 1946 டிசம்பர் 9-ல் 23 பேரை அங்க கூண்டுல ஏத்தினாங்க. அதுல 20 பேர் டாக்டர்கள். ஆமாங்க, என்னை மாதிரி மருத்துவம் படிச்சவங்க. முகாம் கைதிகளைப் பனித்தண்ணியில மணிக்கணக்கா கிடத்தினாங்க. வேணும்னே மலேரியாவை ஏத்தினாங்க. குழந்தை பிறக்காம பண்ண எக்ஸ்ரேயைப் பாய்ச்சின குற்றமும் அந்த வழக்குல இருந்துச்சு. வூர்ஸ்புர்க்கில் நான் கும்பிடாத குறையா பாத்துட்டு வந்த அதே கதிர்.

1947 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 16 பேர் குற்றவாளிகள், அதில் 7 பேருக்குத் தூக்கு. அந்தத் தீர்ப்போட பத்து விதிகளும் எழுதினாங்க. முதல் விதி: சம்பந்தப்பட்ட மனுஷன் விஷயத்தைப் புரிஞ்சுகிட்டு, தானா சம்மதிக்கணும். அது மனிதர்கள் மேல நடத்தற ஆராய்ச்சிக்கு எழுதின விதி. ஆனா வார்டுக்கும் நியாயம் ஒண்ணுதானே?

அங்க நின்னப்போ எனக்கு ஒரு தாத்தா ஞாபகம் வந்துட்டார்.

நான் பயிற்சி மருத்துவரா இருந்த காலம். சர்க்கரை நோயில் ரெண்டு கால் விரல் கறுத்துப்போய் அட்மிட் ஆனவர். கையில இருபது கேஸ் ஷீட். "இங்க வைங்க தாத்தா"ன்னு மை பேடை நீட்டினேன். வச்சார். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, கால் தப்பிச்சது. மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது எட்டிப் பாத்துட்டுக் கேட்டார்: "ரெண்டு விரல் எங்க தம்பி?"

செஞ்ச சிகிச்சை சரி. ஆனா அவர்கிட்ட யாரும் சொல்லல. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அந்தக் கொலைகாரங்களோட என்னை ஒப்பிடல. ஆனா அத்தனை உயிர் போய் எழுதின விதியை நான் ஒரு மை பேடா சுருக்கிட்டேனேன்னு இருந்துச்சு. இப்ப சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கறேன். கூட்டம் அலைமோதற நைட் டூட்டியில சில நாள் இன்னும் தவறுது. அதை மறைக்க விரும்பல.

அதனாலதான் இந்த வேண்டுகோள். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க:

என்ன பிரச்சினை?
என்ன செய்யப் போறீங்க, எதையாவது எடுக்கப் போறீங்களா?
அதுல என்ன ஆபத்து?
செய்யலைன்னா என்ன ஆகும், வேற வழி இருக்கா?

நினைவில்லாம வர்றவங்களுக்கு, உயிர் போற அவசரத்துல, டாக்டர் காத்திருக்க முடியாது. மத்த நேரத்துல தாராளமா கேளுங்க. டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு பயப்படாதீங்க. கோவிச்சுகிட்டாலும் கேளுங்க. உடம்பு உங்களோடது.