ஆரணிக்குப் போவோமா?

ரயிலில் போய்விடலாம் என்று மட்டும் புறப்பட்டு விடாதீர்கள். விழுப்புரம் - காட்பாடி பாதையில் 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருப்பது வாஸ்தவந்தான். ஆனால் பலகையை நம்பி இறங்கினால் நீங்கள் நிற்கும் இடம் களம்பூர்! அங்கிருந்து ஊருக்குச் சுமார் 10 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து ஆரணி வழியாக நகரிக்குப் போக ஒரு புதிய பாதைக்கு 2006-07-ல் அனுமதி கிடைத்தது. அந்த ரயில் இன்னும் ஊரை எட்டவில்லை. ஆகவே, சென்னை நேயர்கள் காஞ்சிபுரம், செய்யாறு வழியாகப் பஸ்ஸில் வருவதே உத்தமம்.

இன்னொன்று. பெரியபாளையத்துக்கு அருகிலும் ஓர் ஆரணி இருக்கிறது. அங்கே ஓடும் ஆற்றுக்கே ஆரணியாறு என்று பெயர். நாம் போவது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. இந்த ஊரின் ஆறு கமண்டல நாகநதி. ஜவ்வாது மலையிலிருந்து படவேடு வழியாக வரும் கமண்டல நதியும், அமிர்தி காட்டுப் பக்கமிருந்து வரும் நாகநதியும் ஒன்றாகி இவ்வூரைத் தொட்டுக்கொண்டு போய்ச் செய்யாற்றில் கலக்கின்றன. 'ஆறு' என்பதும் 'அணி' என்பதும் சேர்ந்துதான் ஆரணி ஆயிற்று என்கிறார்கள். ஆரண்யம்தான் ஆரணி ஆயிற்று என்று வாதாடுகிறவர்களும் உண்டு. நான் போன சமயம் ஆற்றில் மணல்தான் இருந்தது. மழைக்காலத்தில் வந்தால்தான் பெயர்ப் பொருத்தம் புரியும் போலிருக்கிறது!

1751-ல் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபை முறியடித்த போர் இங்கேதான் நடந்தது. பிறகு நெடுங்காலம் மராட்டிய ஜாகீர்தார்களின் ஊர். சத்திய விஜய நகரத்தில் அவர்களுடைய அரண்மனையைப் பார்க்கலாம். சுற்றிலும் நெல் விளைகிறது. ஊரில் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. உங்கள் வீட்டில் வேகும் பொன்னி அரிசி களம்பூர்ப் பக்கத்ததாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது அரிசிக்காக அல்லவே!

பட்டுக்கு வருவோம். ஆரணிப் பட்டுக்கு வேண்டிய பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை, சூரத்திலிருந்து. எல்லாம் சாலை வழியாகத்தான். இந்த ஊர் சேர்ப்பது கையும் கண்ணும் பொறுமையும். நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்கும்போது எடையில் சுமார் கால் பங்கு கரைந்துவிடும். அப்புறம்தான் சாயம். பாவு தீர்ந்தால், புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளையும் பழையதோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். நமக்கு ஊசியில் நூல் கோக்கவே இரண்டு தடவை கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கிறது!

நான் பார்த்த வீட்டில் கூடத்தில் பாதியைக் குழித்தறி எடுத்துக்கொண்டிருந்தது. கணவர் குழியில் கால் வைத்து மிதிக்க, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு புடவைக்கு எத்தனை நாளம்மா?" என்று கேட்டேன்.

"வேலைப்பாட்டைப் பொறுத்ததும்மா. ஒரு வாரமும் ஆகும், பதினைஞ்சு நாளும் ஆகும். கூலி அவருக்குத்தான், நான் சுத்துற தாருக்குத் தனிக்கணக்கு ஏது?"

"பிள்ளைகள் தறியில் உட்காருவதில்லையா?"

"பொண்ணு செய்யாறு சிப்காட்டுல செருப்புக் கம்பெனிக்குப் போறா. காலையில பஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போயிடும். மாசம் பொறந்தா சம்பளம். அவளைத் தறிக்குக் கூப்பிட எனக்கே வாய் வரலை."

இதைக் கேட்ட பிறகு கடைத்தெருவில் புடவை பார்க்கப் போனேன். காஞ்சிப் பட்டைவிட ஆரணிப் பட்டு லேசு. கட்டம் போட்ட ரகங்கள் கண்ணைப் பறிக்கின்றன. முகூர்த்தத்துக்குக் கட்டி, நாள் முழுதும் பந்தியில் ஓடியாடலாம். விலையும் கொஞ்சம் இதமானது. 2008-09-ல் 'ஆரணிப் பட்டு' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இருந்தும், இங்கே நெய்த புடவை வெளியூர்க் கடை அலமாரியில் 'காஞ்சிபுரம்' என்ற பெயரோடு உட்காருவதுண்டு. பெயர் மாறினால் விலை ஏறும். தறிக்காரர் கூலி ஏறாது.

விசைத்தறித் தொல்லை வேறு. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. ஆனாலும் அதே ஜாடையில் விசைத்தறிப் புடவை வந்து நிற்கிறது. சகோதரிகள் ஒன்று கவனிக்க வேண்டும்: 'சில்க் மார்க்' சீட்டு பட்டு அசல் என்றுதான் சொல்லும், எந்த ஊர், எந்தத் தறி என்று சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரையையும் புவிசார் குறியீட்டையும் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நான் மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்று வாங்கினேன். "எந்த ஊர்ப் பட்டு?" என்று அக்கம் பக்கத்தில் விசாரித்தார்கள். சொன்னேன். "அட, காஞ்சிபுரம் என்றல்லவா நினைத்தோம்!" என்றார்கள்.