கூரை மேல இருந்த புகைபோக்கி

வெள்ளிக்கிழமை அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்போ லெஸ்டர்ல இருக்கிற எங்க மகள் வீடியோ கால் பண்ணா. வாடகைக்கு விட பழைய செங்கல் வீடு ஒண்ணு பார்த்திருக்காளாம்.

கூரை மேல பெரிய புகைபோக்கி. ஆனா கீழ ஹால்ல அதைத் தாங்க வேண்டிய செங்கல் தூணைக் காணோம்! இடம் அகலமாகட்டும்னு யாரோ இடிச்சிருக்காங்க.

"மேல உள்ள பாரத்தை எதும்மா தாங்குது?"ன்னு கேட்டோம். பல வருஷமா இப்படியேதான் நிக்குதுன்னு ஏஜெண்ட் சொன்னாராம். முன்பணம் கட்டாதே, முதல்ல கட்டடப் பொறியாளரைக் கூரைக்குள்ள ஏறிப் பார்க்கச் சொல்லுன்னோம்.

பார்த்தார். இரும்பு உத்தரமே இல்லை. மரச்சட்டத்து மேல அத்தனை செங்கல். இடிச்சதுக்கு கவுன்சில் அனுமதியும் கிடையாது.

மகளுக்கு அந்த வீட்டு மேல ஆசை. விலை குறைப்பாங்கப்பான்னா. அதுக்குக் கீழ படுக்கப் போறது வாடகைக்கு வர்றவங்க பிள்ளைங்கதானேன்னோம். ரெண்டு நாள் எங்களோட பேசலை. நேத்துதான் கூப்பிட்டு, விட்டுட்டேன்னு சொன்னா.