நூறு வெள்ளிக்குள் ஒரு நினைவகம்

பினாங்குக்குப் போகிறேன் என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு பட்டியல் வந்துவிடும். ஒருவருக்கு ஜாதிக்காய் ஊறல், இன்னொருவருக்குத் தம்புன் பிஸ்கட், லிட்டில் இந்தியாவில் இன்ன கடை முறுக்கு. இந்த முறை அக்கா கேட்டது வேறு. "தம்பி, பாப்பா கணினிக்கு ஏதோ மெமரி போடணுமாம். நூறு வெள்ளிக்குள்ள முடியுமான்னு பாரு."

அக்கா குடும்பம் சுங்கை பட்டாணியில். அந்த மேசைக் கணினி அத்தானின் அலுவலகம் கழித்துக் கொடுத்தது. மூன்றாம் தலைமுறை ஐ5, 2012 வாக்கில் வந்தது. நினைவகம் வெறும் 4 ஜிபி. படிவம் 4 படிக்கும் பெண், டெலிமாவைத் திறந்து பக்கத்தில் ஒரு காணொளியும் வைத்தால் சுட்டிகூட நகராது. கொஞ்ச நாளாக அவள் பள்ளிக் கட்டுரைகளைக் கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தானுக்குக் கூடுதல் நேர வேலை நின்று மூன்று மாதம் ஆகிறது.

நினைவகம் என்பது சமையல் மேடை மாதிரி. மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் சாமான் அறைக்கு ஓடவேண்டும். கணினியில் அந்தச் சாமான் அறைதான் ஹார்ட் டிஸ்க். அதுவும் பழைய சுழலும் வகை என்றால் ஓட்டம் நொண்டியடிக்கும். கணினி "பழசாகிவிட்டது" என்று நாம் சொல்வதில் பாதி இந்த ஓட்டந்தான். மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கிளம்புமுன் பாப்பாவிடம் சில படங்கள் கேட்டேன். டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கம் ஒன்று. மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் துண்டுகளின் ஒட்டுத்தாள் ஒன்று. அதில் 'பிசி3' என்று தொடங்கினால் டிடிஆர்3, 'பிசி4' என்றால் டிடிஆர்4. இரண்டுக்கும் கீழ்விளிம்பில் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. அவளுடையது டிடிஆர்3. இரண்டே இடங்கள், இரண்டிலும் 2 ஜிபி. விண்டோஸ் 64 பிட்டா என்றும் பார்க்கச் சொன்னேன். வீட்டுக்கு வரும் சாதாரண 32 பிட் விண்டோஸ் என்றால் எத்தனை ஜிபி வாங்கிச் செருகினாலும் 4க்கு மேல் அதற்குக் கண் தெரியாது, காசு வீண்.

அலோர் ஸ்டாரில் ஏறிய கொமுட்டர் ரயில் பட்டர்வொர்த்தில் விட்டது. அங்கிருந்து ஃபெரி. 2023இல் வந்த புதிய படகுகளில் பழைய ஃபெரியின் அசைந்தாடும் சுகம் இல்லை என்பது என் கட்சி. சீக்கிரம் கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான்.

முதலில் லோரோங் கூலிட். நகர அரங்கத்தின் பக்கத்தில் காலையில் கூடி மதியத்துக்குள் கலைந்துவிடும் பழம்பொருள் சந்தை. பழைய கைக்கடிகாரம், ஜப்பான்கால நோட்டு, ஒற்றைச் செருப்பு, இயங்குமா என்று கடவுளுக்கே தெரியாத வானொலி. ஒரு பாக்சிக் விரித்திருந்த தார்ப்பாயில் ரேம் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தன. எதை எடுத்தாலும் பத்து வெள்ளி.

கை பரபரக்கும் இடம் இது. கொஞ்சம் நிதானம் வேண்டும். டின்னில் பாதி மடிக்கணினித் துண்டுகள், நீளத்திலேயே தெரிந்துவிடும். அடுத்தது, பார்க்க ராஜாபோல் இருக்கும் 8 ஜிபி, 16 ஜிபி துண்டுகள். அவை சர்வரிலிருந்து கழற்றியவை. ஒட்டுத்தாளில் வேக எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் வீட்டுக் கணினியில் வேலைக்கு ஆகாது. இன்னும் ஒரு வகை உண்டு: ஏஎம்டி கணினிகளில் மட்டும் ஓடுகிற மலிவு 8 ஜிபி டிடிஆர்3. இன்டெல் பலகையில் போட்டால் திரையே வராது. எல்லாவற்றையும் புரட்டியபின் டின்னை மூடி வைத்தேன். பாக்சிக் கோபிக்கவில்லை. சோதித்துப் பார்க்க மின்சாரம் இல்லாத இடத்தில் பத்து வெள்ளியும் அதிகந்தான்.

டத்தோ கெராமட் சாலையோடு நடந்தால் கொம்தார் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே வரும். எண்பதுகளில் 65 மாடிகளோடு எழுந்த இந்தக் கோபுரத்தை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தீவில் வழி தவறியவனுக்கு அதுதான் கலங்கரை விளக்கம். சுற்றுப்பயணிகள் மின்தூக்கியில் உச்சிக்குப் போக, நம்மைப் போன்றவர்கள் கீழ்மாடிகளிலும் பக்கத்துப் பிராங்கின் மாலிலும் கைப்பேசிக் கடை, கணினிக் கடை என்று அலைவோம்.

நான்காவதாக ஏறிய கடையில் பொருள் இருந்தது. கடைக்காரர் சீனர். "அண்ணே, எந்த போர்டு?" என்றார். பினாங்குச் சீனர் வாயில் வரும் அந்த 'அண்ணே'யைக் கேட்கவே அலையலாம். பாப்பா அனுப்பிய படத்தைக் காட்டினேன். ஒரே அளவு, ஒரே வேகத்தில் இரண்டு 4 ஜிபி துண்டுகளை எடுத்து, தங்க நிற முனைகளைப் பள்ளிக்கூட அழிப்பானால் தேய்த்து, மேசையில் திறந்துகிடந்த கணினியில் செருகி, சோதனை நிரலை ஒரு சுற்று ஓடவிட்டார். இரண்டும் சேர்த்து 40 வெள்ளி, ஒரு வாரத்துக்குள் கோளாறு என்றால் மாற்றித் தருவார். ஒரே 8 ஜிபி துண்டு ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு அவர் இரட்டிப்புக்கு மேல் சொன்னார். 4 ஜிபி டிடிஆர்3ஐ எல்லோரும் கழற்றிப் போடுகிறார்கள். அதனால்தான் அது மலிவு. ஜோடியாகப் போட்டால் வேகமும் சற்றுக் கூடும்.

டிடிஆர்5 விலையைக் கேட்டதற்குக் கையை மட்டும் வீசினார். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் தரவு மையங்கள் நினைவகத்தை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுக் கணினிக்காரர்களுக்காகக் குருசியல் என்ற பெயரில் விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே மைக்ரானின் ஆலை இரண்டாவது பாலத்துக்கு அக்கரையில், பத்து காவானில் இருக்கிறது. இன்னொரு கட்டடத்தை 2023 அக்டோபரில் அங்கேதான் திறந்தார்கள். புதுசு வாங்குகிறவர்கள் தவிக்கிற நேரத்தில் பதினான்கு வயதுக் கணினி வைத்திருப்பது ஒரு வகையில் யோகம். அதன் நினைவகத்துக்குப் பெரிய போட்டி இல்லை.

மிச்சத்தில் பழைய 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 35 வெள்ளிக்கு வாங்கினேன். நூறு வெள்ளிதான் கையில் என்றால் முழுவதையும் நினைவகத்தில் கொட்டாதீர்கள். பள்ளி வேலைக்கு 8 ஜிபி தாங்கும். 16க்கு ஆசைப்படுவதைவிடச் சாமான் அறையை மாற்றுவது மேல்.

மதியம் சுங்கை ஆராவில் சித்தி வீடு. சித்தி எழுபதுகளின் கடைசியில், பத்தொன்பது வயதில், அக்கரைத் தோட்டத்திலிருந்து விடியுமுன் ஃபெரியேறி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடித்தவர். 1969இல் பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்து வேலையில்லாமல் தவித்தபோது, முதலமைச்சர் லிம் சோங் இயூ அங்கே தடையில்லா வாணிப வட்டாரம் அமைத்தார். 1972இல் இன்டெல் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆலை. அன்றைக்கு இன்டெல்லின் முதன்மைச் சரக்கே நினைவகச் சில்லுதான். தோட்டத்துப் பிள்ளைகளும் கம்பத்துப் பிள்ளைகளும் இந்த வட்டாரத்து ஆலைகளில் நுண்ணோக்கிமேல் குனிந்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லிலிருந்து காலுக்குக் காலாக ஒட்டினார்கள்.

துண்டைச் சித்தியிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கால் எங்கடா? நாங்க செஞ்சதுக்குப் பதினாறு கால் இருக்கும்." இப்போது கால்கள் இல்லை, அடிவயிற்றில் சின்னச் சின்ன ஈய உருண்டைகள் என்றேன். 1970இல் இன்டெல் விற்ற 1103 என்ற சில்லு ஒன்றில் அடங்கியது 1,024 பிட். என் சட்டைப்பையில் இருந்த 8 ஜிபிக்கு அப்படி 6 கோடியே 71 லட்சம் சில்லுகள் வேண்டும். சித்தி அதைக் காதில் வாங்கவில்லை. "எவ்வளவு கொடுத்த?" என்றுதான் கேட்டார். நாற்பது என்றதும், "எங்க ஒரு நாள் சம்பளம் அப்ப அதுல கால்வாசிகூட இல்ல" என்றார்.

மறுநாள் அக்கா வீட்டில் மின்கம்பியைப் பிடுங்கி, மிச்ச மின்சாரம் போகப் பொத்தானை ஒருமுறை அமுக்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத் துண்டுகளைச் செருகச் சொன்னேன். செருகியது பாப்பாதான். இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தவேண்டும். பலகை உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டாள், பிறகு அழுத்தினாள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்த ஐ5ஐ 11 ஏற்றுக்கொள்ளாது. அதனால் புதிய எஸ்எஸ்டியில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டோம். டெலிமா, காணொளி, எழுத்து மூன்றையும் திறந்து வைத்தும் 8 ஜிபியில் பாதிகூடச் செலவாகவில்லை.

"மாமா, ரோப்லாக்ஸ் ஓடுமா?" என்றாள். ஓடாது என்றேன். அக்காவுக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.