ராகிக்கு நடுவே ஓர் அவரைச் சால்

ஜனவரிக் குளிரில் பெங்களூரின் பசவனகுடிப் பக்கம் போனால் மூக்கே வழிகாட்டும். அவரைக்காய் மேளா! தமிழர்கள் மொச்சை என்று சொல்லும் அந்தக் கொட்டையை ஊறவைத்துப் பிதுக்கிச் சாறு, தோசை, உப்புமா என்று விதவிதமாகச் செய்கிறார்கள். அவரை ஜிலேபிகூட உண்டு.

இந்த அவரை மாகடி, தொட்டபல்லாபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் ராகிக்குத் துணையாக வளர்ந்து வந்தது. பல சால் ராகிக்கு இடையே ஒரு சால் அவரையோ துவரையோ. கூடவே கொஞ்சம் சோளம், ஆமணக்கு, பேயெள்ளு. கன்னடத்தில் இதற்கு 'அக்கடி சாலு' என்று பெயர்.

கணக்கு எளிமையானது. ராகியின் வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும்; அவரை, துவரையின் ஆணிவேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகும். ஆகஸ்டில் மழை ஏய்த்து ராகி கருகினாலும், அக்டோபரில் பெய்யும் மழையிலும் பிறகு விழும் பனியிலும் அவரை பிழைத்துக்கொள்ளும். உதிரும் இலை மண்ணுக்குப் போர்வை; வேர் முடிச்சு தழைச்சத்து தரும்.

2022 செப்டம்பரில் வெள்ளத்தால் பெங்களூரின் ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். அடுத்த ஆண்டே கர்நாடகத்தில் 200க்கும் மேற்பட்ட தாலுகாக்கள் வறட்சிப் பட்டியலில். இப்படிப்பட்ட வானத்தை நம்பி ஒரே பயிரை விதைப்பது சூதாட்டம்தான்.

இருந்தும் அக்கடி சாலு அருகி வருகிறது. அறுவடை இயந்திரத்துக்குக் கலப்புப் பயிர் இடைஞ்சல். அகன்ற இலைக் களையைக் கொல்லும் மருந்து அவரையையும் விடாது. 2025-26க்கு ராகிக்குக் குவிண்டால் ரூ. 4,886 ஆதரவு விலை. அவரைக்கு அப்படியொன்று கிடையாது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகமோ எட்டு சால் ராகிக்கு இரண்டு சால் துவரை என்று சிபாரிசு செய்கிறது. பாட்டன் செய்ததற்கு ஆய்வு முத்திரை!

வர்த்தூர் பக்கத்து சொரஹுணசேயில் பிறந்த எல். நாராயண ரெட்டி, ஜப்பானின் ஃபுகுவோகாவைப் படித்து ரசாயன உரத்தைக் கைவிட்டவர். 2019ல் மறைந்த அவரது பிற்காலப் பண்ணை தொட்டபல்லாபுரத்துக்கு அருகே. வர்த்தூரில் இப்போது விளைவது அடுக்குமாடிகள். நகரம் வடக்கேயும் நகர்கிறது: விமான நிலையத்தைத் தாண்டினால் ராகிக் கொல்லைகளுக்கு நடுவே மனைப்பிரிவுக் கற்கள்.

மேளாவில் வயதானவர்கள் காயை வாங்குமுன் முகர்ந்து பார்க்கிறார்கள். அந்த மணத்துக்குக் கன்னடத்தில் 'சொகடு' என்று பேர். பனியில் நனைந்த காயில்தான் அது இருக்குமாம்.