பழனி போகிற வழியில் எங்கள் மடத்துக்குளம்

கோவையிலிருந்து பழனிக்குப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். உடுமலை தாண்டி அரை மணி நேரத்தில் ஒரு கடைவீதி வரும். கண்டக்டர் "மடத்துக்குளமெல்லாம் இறங்குங்க" என்பார். நாலு பேர் இறங்குவார்கள், பஸ் கிளம்பிவிடும். நான் வாக்கப்பட்டு வந்த ஊர் அதுதான்.

கோட்டை, அரண்மனை எதுவும் கிடையாது. பெயரைப் பிரித்தால் ஒரு மடம், ஒரு குளம். "இந்த ஊருக்குன்னு பெருமை என்னங்க அத்தை?" என்று வந்த புதிதில் கேட்டேன். "வாய்க்காலைப் போய்ப் பாரு அம்மிணி" என்றார் மாமியார்.

வாஸ்தவம்தான். ஆனைமலைப் பக்கமிருந்து வரும் அமராவதி ஆறு, எட்டு ராஜ வாய்க்கால்கள் வழியாக இந்த வட்டார வயல்களுக்குப் பாய்கிறது. கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று அவற்றுக்குப் பெயர்கள். அமராவதி அணை கட்டியது 1957-ல். வாய்க்கால்கள் அதற்கும் வெகு காலம் முந்தியவை. அதனால்தான் இதைப் 'பழைய ஆயக்கட்டு' என்கிறார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் கூட, "பூமி பழைய ஆயக்கட்டுங்களா?" என்று முதலில் கேட்பார்கள். சோற்றுக்குப் பஞ்சமிருக்காது அல்லவா!

நெல்லோடு கரும்பும் வந்தது. பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை வந்தது. இயந்திரங்கள் பழசாகி, சமீப ஆண்டுகளில் அரவை தடைபட்டுப் போனது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது எங்கள் ஊர் தாலுகா தலைநகரானது. வயலில் நாற்று நட்ட கைகள் இன்று பனியன் கம்பெனி வேலைக்குப் போகின்றன. வாரச் சம்பளம் கைக்கு வருவதில் பெண்களுக்குத் தெம்புதான். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு கவலை. எங்கள் தெருப் பிள்ளைகளிடம், "நம்ம வயலுக்கு எந்த வாய்க்கால் கண்ணு?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். பெயர் தெரியாத வாய்க்காலில் குப்பைப் பையைக் கொட்டத் தயக்கம் வருமா, சொல்லுங்கள்? அடைபட்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாது. தேங்கினால் கொசுவும் காய்ச்சலும் வீட்டுக்குள்தான் வரும்.

அடுத்த முறை பழனி போகும்போது குழந்தைகளோடு இங்கே இறங்குங்கள். கணியூர் வழியாகக் கடத்தூர் போனால், ஆற்றங்கரையில் பழைய கல்வெட்டுகளோடு அர்ச்சுனேசுவரர் கோயில் இருக்கிறது. சாமி கும்பிட்டுவிட்டு, வாய்க்காலையும் காட்டுங்கள். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் ஊர் வாய்க்காலின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.