அரிசிப் பானையில் ஒரு சீட்டு

பென்னாகரத்தில் பத்தாம் வகுப்பு படித்தபோது, பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு கையில் பட்டை சுற்றிப் பார்த்து எழுதியது: 142/92. இந்த வயதில் 130/80 தொட்டாலே அதிகம்தான். ஆனால் ஒரே நாளில் முடிவுகட்டக் கூடாது; வெவ்வேறு நாட்களில் 3 முறையாவது பார்க்க வேண்டும்.

அம்மா சீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். "வெளிய தெரிஞ்சா எவன்டி கட்டுவான்?" அண்ணனுக்கென்றால் மறுநாளே தருமபுரிக்குப் பஸ் ஏறியிருப்பாள்.

எனக்குத் தலைவலித்தால், "வீட்டுக்குத் தூரமா?" எதிர்த்துப் பேசினால், "பி.பி. ஏறிடுச்சு" என்று சிரிப்பு. பழியெல்லாம் பள்ளி வாசலில் விற்ற உப்பு மிளகாய் மாங்காய்க்கு. சிறுவயதில் அழுத்தம் ஏறச் சிறுநீரகக் கோளாறும் காரணமாகலாம். அதை யாரும் யோசிக்கவில்லை.

கல்லூரியில் சேர்ந்ததும் மகளிருக்கான கட்டணமில்லா பஸ்ஸில் நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதியவர் கேட்டார்: "கூட யாரும்மா வந்திருக்காங்க?"