தட்டில் ஏறாத நம் படங்கள்

உலகம் முழுவதிலும் இரண்டாயிரம் பேர் மட்டுமே வாங்கக்கூடிய ஒரு பொருளைச் செய்து விற்றுப் பிழைக்க முடியுமா? யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவரிடம் இதைக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். ஆனால் மேற்கு நாடுகளிலே சில சிறு நிறுவனங்கள் இதைத்தான் தொழிலாகக் கொண்டிருக்கின்றன. தோற்றுப்போன, மறக்கப்பட்ட, சிலவேளை பெயர் சொல்லவே கூசுகின்ற படங்களைத் தேடியெடுத்துத் துப்புரவாக்கி, துணைத்தலைப்பும் கட்டுரை நூலும் சேர்த்து இறுவட்டாக வெளியிடுகின்றன.

லண்டனில் 2005இல் தொடங்கப்பட்ட 'செக்கண்ட் ரன்' அவற்றுள் ஒன்று. அதை நிறுவிய மெஹெல்லி மோடி, பம்பாய்ப் படவுலகின் பழம்பெரும் நடிகரும் இயக்குநருமான சொராப் மோடியின் மகன். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' (1981) அந்நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. இடிந்துகொண்டிருக்கும் நாலுகெட்டு வீட்டுக்குள் ஒருவன் எலியைப்போல் ஒடுங்கிப்போகும் கதையைக் காசு கொடுத்து வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

அமெரிக்காவில் 2012இல் பிறந்த இன்னொரு நிறுவனத்தின் பெயர் 'வினிகர் சின்ட்ரோம்'. பழைய அசற்றேற் படச்சுருள் கெடத் தொடங்கும்போது வினாகிரி நாற்றம் வீசும். அந்த நோயின் பெயரையே அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். அவர்கள் முதலிற் காப்பாற்ற முனைந்தவை வயதுவந்தோருக்கான மூன்றாந்தரப் படங்கள். வாசகர் முகஞ்சுழிக்கக்கூடும், நானும் சுழித்தேன். ஆனால் வேறெவரும் தொட மறுத்த சுருள்கள் அவை. அதற்காகச் சொந்தமாக ஒரு வருடற்கூடம் அமைத்தார்கள். பின்னர் வேறு நிறுவனங்களின் சுருள்களையும் கூலிக்கு வருடிக் கொடுக்கலானார்கள். பித்துக்குப் படியளப்பது பக்கத்து அறையில் ஓடும் இயந்திரம். இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கு நேரெதிர் வழியிற் போனது இந்தியாவின் மோசர் பேயர். வி.சி.டி. 28 ரூபா, டி.வி.டி. 34 ரூபா என்று விலை வைத்துத் திருட்டுப் பிரதிக்காரரையே திணறடித்தது. பெட்டிக்கடை வரை தமிழ்ப்படம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அட்டைப்பெட்டிக்குள் படத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. 2018இல் அந்நிறுவனத்தைக் கலைக்கும்படி உத்தரவாயிற்று.

நம் ஊருக்கு வருவோம். எண்பதுகளில் குடாநாட்டில் வீடியோ என்பது முற்றிலும் வாடகைத் தொழில். டெக், ரி.வி., நாடா மூன்றையும் கடையில் எடுத்து, மின்சாரம் நம்பமுடியாத இடத்தில் ஜெனரேற்றரையும் சேர்த்து, முற்றத்தில் விடியவிடிய ஓடவிடுவார்கள். முதலில் சாமிப்படம், பிறகு எம்.ஜி.ஆர்., சிவாஜி, நாலாவது படத்துக்கு விழித்திருப்பவர் விடலைப் பெடியள் மட்டுமே. 1990இல் மின்சாரம் அடியோடு நின்றபின் மண்ணெண்ணெய் விலை எங்கள் இரசனையைத் தீர்மானித்தது. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் வி.சி.டி. வந்து குவிந்தது. பிறகு ஒரே தட்டில் மூன்று படம். கடைக்காரர் எவரும் கலைத்தொண்டு என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்யவில்லை. ஆயினும் அவர்கள் இல்லாவிட்டால் போர்க்காலத்தில் ஒரு தலைமுறை சினிமாவே பார்த்திராது. இலாபத்தைப் பழிப்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் அந்தக் கடைகளின் அலுமாரிகளில் நான் தேடிக் கிடைக்காதவை எங்களுடைய படங்களே. ஈழத்தமிழ் சினிமாவின் பட்டியல் 1962இல் வந்த 'சமுதாயம்' தொடங்கி மிகச் சிறியது. கட்டடக்கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' (1972), செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த 'வாடைக்காற்று' (1978), இரண்டுக்கும் இடையில் தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி' (1977). யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த சிங்களவர் ஒருவர், காவலூர் இராஜதுரையின் எழுத்தை வைத்து, எங்கள் சாதியையும் சீதனத்தையும் எங்களுக்கே காட்டினார். படம் வசூலில் தோற்றது. சென்னைப் படத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது மெதுவாக நகர்ந்தது. வெளியானபோது தோற்றுப் பின்னர் ஒரு சிறு கூட்டத்தால் நெஞ்சில் வைத்துப் போற்றப்படுவதுதான் 'கல்ற்' படத்தின் இலக்கணமென்றால், எங்களிடம் உள்ள முதல்தரமான 'கல்ற்' படம் அதுவே.

சுருள்கள் காணாமற்போனதற்குக் காலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1983 ஜூலையில் தமிழரான கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள். அதில் வெந்தவற்றுள் சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் அடக்கம். எரித்தவர்கள் தங்கள் சொத்தையும் சேர்த்தே எரித்தார்கள்.

ரொறன்ரோவிலிருந்து வந்த நண்பரொருவரிடம் ஒருமுறை சொன்னேன்: "அண்ணை, ஆயிரம் பிரதி போதும். நல்ல பிரதி ஒன்றைத் தேடி, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் துணைத்தலைப்புப் போட்டு, ஒரு சிறு நூலும் சேர்த்து வெளியிடலாம்." அவர் யோசித்துவிட்டு, "தம்பி, கோயிலுக்கென்றால் ஒரு கிழமையில் சேர்த்துத் தருவன். படத்துக்கு ஆர் தருவினம்?" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை; அவர் கணக்குத் தெரிந்த மனிதர். பணத்தைவிடச் சிக்கலானது உரிமை. தயாரிப்பாளர் இறந்தபின் வாரிசுகள் மூன்று நாடுகளில் இருப்பார்கள். ஒருவர் கையெழுத்திடாவிட்டாலும் வேலை நின்றுவிடும்.

நூல்களின் கதை வேறாயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இலாபமென்ற பேச்சே இல்லாமல், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. தாளை வருட ஒரு மேசையும் பொறுமையும் போதும். படச்சுருளுக்கு அது போதாது. அதற்கென்றே செய்த வருடியும், பழகிய கையும், குளிர்ந்து உலர்ந்த அறையும் வேண்டும். அன்பு மட்டும் இருந்தவர்கள் சுருளைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக் காத்தார்கள். எங்கள் வெக்கையும் மாரி ஈரமும் அங்கும் போயின. ஆகவே பித்து உள்ளவர் கணக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டுச் சேர்க்காமல் இந்த வேலை நடவாது என்பதே என் துணிபு.

பழைய வீடியோ நாடா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் ஆசைக்கு ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம். அது டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த நாடாவையும் கெடுக்கும்.